கூட நிற்பது: வடகடல் பாசி வளர்ப்புக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கடலோரமாக உள்ள ஒரு மீனவக் குடியிருப்பில் நடந்தது இது: ஒரே தலைவி எடுத்துவந்த முடிவுகளை, பாசி வளர்க்கும் பெண்கள் குழுவில் மற்றவர்களும் எடுக்கப் பழகிய கதை. ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று குழுவினர் கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன். நான் அப்போது ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் களப் பொறுப்பாளர். நடந்ததில் என் தவறுகளும் உண்டு. அவற்றையும் அந்தந்த இடத்திலேயே எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். பெண்கள் பாசி எடுப்பது இங்கே தலைமுறைத் தொழில். தென்கடல் தீவுகளைச் சுற்றி இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பிடுங்கி வருவார்கள். 1986இல் அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு, அங்கே போய் வருவது பெரும்பாடாகிவிட்டது. மிதவையில் பாசி வளர்ப்பது அதற்கப்புறம் வந்த தொழில்.

வளர்ப்பது காப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. பிலிப்பைன்ஸ் பக்கத்தது. 1980களில் குஜராத் கரையில் சோதித்துப் பார்த்து, 1990களில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் ஊரில் அதற்கு இன்றும் ‘பெப்சி பாசி’ என்றுதான் பெயர். காயவைத்த பாசியிலிருந்து கராஜீனன் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக நிற்க அது வேண்டும்.

வளர்க்கும் முறை தெரிந்தால்தான் பின்னால் வருவது புரியும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதன் குறுக்கே 20 கயிறு. ஒரு கயிற்றில் 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் பாசி. ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை. அடியில் வலை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓரா மீன் வந்து மேய்ந்துவிடும். 45 நாளில் அறுப்பு. எல்லாம் சரியாக அமைந்தால் 200 கிலோவுக்கு மேல் நிற்கும். அதில் 60 கிலோவை அடுத்த நடவுக்கு எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைக் காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு எடை கிடைக்கும். விதை தனியாகக் கடையில் கிடைக்காது. நேற்றைய அறுப்பிலிருந்துதான் நாளைய நடவு. அதனால் விதை போனால் அடுத்த 45 நாளும் சேர்ந்து போகும்.

குழுவில் 10 பெண்கள், ஆளுக்கு 20 என்று 200 மிதவைகள். 2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் என்று கணக்கிட்டு, பெண்களுக்கு 60 விழுக்காடு மானியம். மீதிக்கு வங்கிக் கடன். வாடைக் காற்று அடங்கிய தை மாதத்தில் முதல் நடவு.

தலைவிக்கு ஐம்பதைக் கடந்த வயது. பன்னிரண்டு வயதிலிருந்து தென்கடலில் பாசி எடுத்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. ஆனால் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, இன்றைக்கு நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லிவிடுவார். எந்த மிதவையை எப்போது அறுப்பது, எவ்வளவு விதை நிறுத்துவது, வியாபாரியிடம் என்ன பேசுவது, வங்கியில் எந்தத் தாளில் கையெழுத்து என்று எல்லாம் அவர்தான். மற்ற ஒன்பது பேரும் கயிறு கட்டினார்கள், அறுத்தார்கள், காயவைத்தார்கள்.

முதல் ஆறு மாதம் இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நல்ல தலைவி கிடைத்துவிட்டார் என்று மாத அறிக்கையில் எழுதினேன்.

கவனித்தது

ஆடி மாதக் கடைசியில் தலைவியின் கணவருக்கு மதுரையில் அறுவை சிகிச்சை. அவர் 23 நாள் ஊரில் இல்லை.

கடல் அப்போது நன்றாகவே இருந்தது. கச்சான் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசும் காலம், வடகடல் குளம் போல் கிடக்கும். ஆனால் அறுப்பு நாள் தாண்டி ஒரு வாரம் ஆகியும் யாரும் கத்தி எடுக்கவில்லை. பாசி முற்றிக் கனத்து, முடிச்சிலிருந்து கழன்று நீவாட்டோடு போனது. காலையில் கரையில் ஒதுங்கிக் கிடந்ததைச் சிறுபிள்ளைகள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஏன் அறுக்கவில்லை என்று கேட்டேன். “அக்கா வரட்டும்” என்றார்கள்.

வியாபாரியின் ஆள் எடை போட வந்தபோது, மண்ணும் ஈரமும் இருக்கிறது என்று சாக்குக்கு மூன்று கிலோ கழிவு பிடித்தார். தலைவி இருக்கும்போது அது ஒன்றரையைத் தாண்டியதில்லை. எட்டுப் பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வங்கித் தவணை நாளும் தவறியது. இரண்டாவது கையெழுத்துக்காரர் வங்கிக்குப் போய், எந்தக் கணக்கு என்று கேட்டதற்குப் பதில் தெரியாமல் திரும்பி வந்தார்.

தலைவி திரும்பி வந்ததும் எல்லாரையும் திட்டினார். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கியது. எனக்கு உறைத்தது அந்த மறுநாளைப் பார்த்துத்தான். நட்டம் வந்தும் ஒன்றும் மாறவில்லை.

முதல் முடிவு: மூன்று நாள் பயிற்சி

எங்களுக்குத் தெரிந்தது பயிற்சி வகுப்பு. புரட்டாசியில் சமுதாயக் கூடத்தில் மூன்று நாள் நடத்தினோம். பாசியின் நோய்கள் பற்றிப் படம் போட்டுக் காட்டினோம், கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தோம், தலைமைப் பண்பு பற்றி நானே ஒன்றரை மணி நேரம் பேசினேன். டீ, சமோசா, கடைசியில் சான்றிதழ். சான்றிதழை ஒருவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

அடுத்த வாரம் அறுப்பு. ஒன்பது பேரும் தண்ணீருக்குள் நின்றுகொண்டு தலைவியின் முகத்தைப் பார்த்தார்கள்.

வகுப்பு ஏன் பலிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தகவல் குறைவாக இல்லை. வெள்ளை விழுந்தால், அதாவது தண்டு வெளுத்தால், பாசி ஒடியும் என்பது வகுப்புக்கு முன்பே பத்துப் பேருக்கும் தெரியும். அவர்களுக்குப் பழக்கம் இல்லாமல் இருந்தது ஒரு முடிவை வாய்விட்டுச் சொல்வதும், அது தப்பானால் மறுநாளும் அதே முகங்களைப் பார்ப்பதும். மூன்று நாள் வகுப்பில் ஒருவரிடமாவது ஒரு முடிவு கேட்டோமா என்று யோசித்துப் பார்த்தேன். மதியச் சாப்பாடு சாம்பார் சாதமா லெமன் சாதமா என்று கேட்டதைத் தவிர இல்லை.

இன்னொன்றும் பிடிபட்டது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. தலைவி அந்த ஒன்பது பேருக்குச் செய்ததைத்தான் நான் தலைவிக்குச் செய்துகொண்டிருந்தேன். தினமும் காலையில் போன் போடுவேன். எத்தனை மிதவை அறுத்தீர்கள், ஏன் குறைவு, நாளைக்கு இத்தனை அறுங்கள் என்பேன். அவர் மற்றவர்களிடம் பேசிய தொனி என் தொனிதான்.

இரண்டாவது முடிவு

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் எங்கள் நிறுவனத்தாருக்கு ‘மென்ட்டர்’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். உத்தரவு போடும் தலைமை பழசு, வழிகாட்டி வளர்க்கும் தலைமைதான் இப்போதைய பாணி என்றார். கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. வத்தை என்னும் படகில் ஏறும் பையன் முதலில் தண்ணீர் இறைப்பான், பிறகு வலை இழுப்பான், சில வருடம் கழித்துத்தான் சுக்கானைத் தொடுவான். கடலுக்கு இது புதிதா? ஆனால் ஊரில் நாலு பேரிடம் பேசிய பிறகு சிரிப்பு நின்றது. அந்தப் படிப்பு முழுக்கத் திட்டும் அடியுமாக இருந்ததை எல்லாரும் சொன்னார்கள். போதாததற்கு அது ஆண்களுக்கு மட்டும் இருந்தது. பெண்களின் பாசித் தொழிலில் அவரவர் பார்த்துப் பழகியதுதான், யாரும் யாரையும் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

‘மென்ட்டர்’ என்பதை ஊர்ச் சொல்லில் எப்படிச் சொல்வது என்று தலைவியிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கூட நிக்கிறதுன்னு சொல்லுங்க தம்பி” என்றார். அதையே வைத்துக்கொண்டோம்.

தை மாதம் புது நடவோடு தொடங்கினோம். வேலையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் பொறுப்பு. கடல் வேலைக்கு ஒரு ஜோடி, எடைக்கு ஒரு ஜோடி, வங்கிக்கும் கணக்குக்கும் ஒரு ஜோடி. தலைவி எல்லாவற்றிலும் கூட நிற்பார். முடிவு அந்த ஜோடியுடையது. கேட்டாலும் அவர் உடனே பதில் சொல்லக் கூடாது, முதலில் “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். மிதவையில் கை வைக்கக் கூடாது. நான் காலை போனை நிறுத்தினேன், வாரம் ஒருமுறை மட்டும் கரைக்கு வருவதாக ஏற்பாடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன்: நாள், என்ன முடிவு, யார் எடுத்தது, யாரைக் கேட்டு.

கடல் ஜோடியில் இளையவருக்கு இருபத்தாறு வயது. தேவிபட்டினம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், பிளஸ் டூ வரை படித்தவர். தலைவி அவருக்கு அத்தை முறை. முதல் நாள் அவர் முடிச்சுப் போடுவதை நான் கரையிலிருந்து பார்த்தேன். முடிச்சை இறுக்கிவிட்டு ஒவ்வொரு தடவையும் திரும்பி அத்தையைப் பார்ப்பார். தலைவி மார்பளவுத் தண்ணீரில், இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையேறியதும் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள் என்றேன். “விட்டா கை தன்னால போயிரும் தம்பி” என்றார்.

பங்குனியில் வெள்ளை விழுந்தது

இரண்டு மாதம் நன்றாகப் போனது. பங்குனியில் காற்று நின்றது. தண்ணீர் கண்ணாடி போல அசையாமல் கிடந்து சூடேறியது. இந்தப் பாசிக்கு அதுதான் ஆகாது. நீரோட்டம் நின்று சூடு ஏறினால் தண்டில் ஆங்காங்கே நிறம் வெளுத்து, அந்த இடத்தில் ஒடிந்துபோகும். ஆராய்ச்சியாளர்கள் இதை ஐஸ்-ஐஸ் என்கிறார்கள், பெண்கள் ‘வெள்ளை விழுந்திருச்சு’ என்பார்கள். 2013க்குப் பிறகு வடகடலில் உற்பத்தி சரிந்ததற்குத் தண்ணீர்ச் சூடும் ஒரு காரணம். வெள்ளை கண்ணில் பட்டதும் நாள் பார்க்காமல் அறுத்துவிட்டு, நல்ல நுனிகளை மட்டும் கிள்ளி, ஓட்டமுள்ள தண்ணீரில் மறுபடி கட்ட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் கையில் எடுக்கும்போதே பொடியும்.

அப்போது நடவுக்கு 38ஆவது நாள். தெற்கு ஓரத்தில் இருந்த மிதவைகளில் நகக்கண் அளவுக்கு வெளுப்பு. இளையவர் பார்த்தார். ஒரு வாரம் பொறுத்தால் எடை கூடும் என்று நினைத்து, 45 ஆகட்டும் என்று முடிவு செய்தார். நோட்டிலும் எழுதினார்: “45 நாள் ஆனதும் அறுப்பது. நான். யாரையும் கேட்கவில்லை.” முதன்முறையாக நாலாவது கட்டத்தில் யார் பெயரும் இல்லை. அந்த வாரம் அதைப் படித்துவிட்டு நான் மகிழ்ந்துபோனேன் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

தலைவியும் அந்த வெளுப்பைப் பார்த்திருக்கிறார். அதன் அர்த்தம் அவருக்கு அங்கேயே தெரியும். ஆனால் கேட்காமல் சொல்லக் கூடாது என்பது நான் போட்ட விதி.

மூன்றாம் நாள் 14 மிதவையில் பாசி பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. மிச்சத்தைத் தூக்கினால் விரல் இடுக்கில் வழுவழுவென்று கரைந்தது. அறுப்பு போனது ஒரு பக்கம். 14 மிதவைக்கு 60 கிலோ வீதம் 840 கிலோ விதையும் போனது. கரையில் நின்றுகொண்டு இளையவர் தலைவியைக் கேட்டார்: “தெரிஞ்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு நின்னீங்களா அயித்தை?”

தலைவி பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். நான் அப்போது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

இளையவர் நாலு நாள் கடலுக்கு வரவில்லை. உதிர்ந்த 14இல் ஒன்பது மிதவை அவருடைய பங்கு, ஐந்து இன்னொருவருடையது. அந்த இன்னொருவரின் கணவர் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

விதியை மாற்றியது

ஐந்தாம் நாள் மாலை வலை பின்னும் கொட்டகையில் எல்லாரையும் கூப்பிட்டேன். கேட்காமல் சொல்லக் கூடாது என்ற விதி என்னுடையது, அது தப்பு என்று முதலில் சொன்னேன். இளையவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தலைவி பேசினார்.

“பயலுக்குச் சுக்கானக் குடுப்பாக. ஆனா பார் கிட்டத்துல வரும்போது குடுக்க மாட்டாக. நான் பார் கிட்டத்துல குடுத்துட்டேன் ஆத்தா.”

பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. அதில் மோதினால் வள்ளம் போய்விடும். இந்த ஒரு பேச்சில் என் மூன்று மாதத் திட்டத்தில் விடுபட்டது கிடைத்துவிட்டது. எந்தத் தப்பைச் செய்ய விடலாம், எதை விடக் கூடாது என்று நாங்கள் பிரிக்கவே இல்லை. முடிச்சு இளகினால் ஒரு கயிறு போகும். கற்றுக்கொள்ள அது சரியான விலை. விதை போனால் பத்துப் பேருக்கும் அடுத்த ஒன்றரை மாதம் போகும். அந்த விலையை ஒரு ஆள் தலையில் வைத்துவிட்டு, நாங்கள் அவரை வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு பேசி முடித்தது இது. உயிர், விதை, கடன் என்ற மூன்றில் ஆபத்து தெரிந்தால் தலைவி கேட்காமலே உடனே சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் முடிவு ஜோடியுடையதுதான், ஆனால் தெரியாமல் எடுத்த முடிவாக இருக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் முன்பு போல வாயை மூடிக்கொள்வார்.

இரண்டாவது, 200இல் 10 மிதவையை ‘படிப்பு ராப்ட்’ என்று ஒதுக்கினோம். புதிதாக எதையும் செய்து பார்க்க அந்தப் பத்து. லாபம் வந்தால் பொது நிதிக்கு, நட்டம் வந்தால் நிறுவனத்தின் கணக்குக்கு. போன விதையை ஈடுகட்ட, பக்கத்து ஊர்க் குழுவிடம் விலைக்கு வாங்கியதையும் நிறுவனமே ஏற்றது. இதற்கு அலுவலகத்தில் சம்மதம் வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. கற்கும்போது ஆகும் நட்டம் என்று எங்கள் வரவு செலவுப் படிவத்தில் கட்டமே இல்லை. கடைசியில் ‘பயிற்சிப் பொருட்கள்’ என்று எழுதி ஒப்பேற்றினேன். சமோசாவுக்கும் சான்றிதழுக்கும் செலவழித்ததை யாரும் கேள்வி கேட்டதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

இளையவர் ஒரு வாரம் கழித்துத்தான் நோட்டில் மறுபடி எழுதினார்.

எடை போட்ட நாள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் கணவன்மார் வீட்டில் இருப்பார்கள். சும்மா இருக்க முடியாமல் மிதவைப் பக்கம் வந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்த இரண்டு மாதம் நோட்டில் ‘யாரைக் கேட்டு’ என்ற கட்டத்தில் ஆண்கள் பெயராக வந்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே வேண்டாம்.

ஆனி மாதம் எடை. பொறுப்பில் இருந்தவர் நாற்பது வயதுக்காரர், முன்பு பெட்டிக்கடை வைத்திருந்தவர். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். வியாபாரியின் ஆள் வழக்கம்போலச் சாக்குக்கு மூன்று கிலோ கழிவு என்றார். பெட்டிக்கடைக்காரர் திரும்பித் தலைவியைப் பார்த்தார். தலைவி கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை திரும்பினார். மூன்றாவது தடவையும் திரும்பினார். அப்புறம் சொன்னார்:

“அண்ணே, ஒரு சாக்க அவுத்துத் தார்ப்பாயில கொட்டுங்க. பாசிய உதறி எடுத்துட்டு மண்ண மட்டும் நிறுப்போம். எவ்வளவு வருதோ அதையே எல்லாச் சாக்குக்கும் கழிங்க.”

அந்த ஆள் சிரித்தார். ஆனாலும் கொட்டினார். மண் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. ஈரத்துக்கு அரைக் கிலோ சேர்த்து ஒன்றரை என்று முடிந்தது.

திரும்பி நடக்கும்போது தலைவி என்னிடம், “எனக்கு இது தோணியிருக்காது தம்பி, நான் சண்டைதான் போட்டிருப்பேன்” என்றார். தலைவி வாங்கித் தந்த ஒன்றரைக் கிலோவும் இந்த ஒன்றரைக் கிலோவும் எடையில் ஒன்றுதான். ஆனால் தலைவியின் குரலை ஒன்பது பேருக்கும் கடன் கொடுக்க முடியாது. சாக்கை அவிழ்த்துக் கொட்டுவதை யாரும் செய்யலாம். அதற்கடுத்த எடைக்கு வேறு இருவர் நின்றார்கள், அவர்களும் ஒரு சாக்கை அவிழ்த்தார்கள்.

நாங்கள் கணக்கில் எடுக்காதது

ஆவணியில் தலைவி ஒரு எடைநாளுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து கயிறு பிரித்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

“மத்தவுக ராப்ட்டுக்குக் கூட நின்னு நின்னு என்னோடது ஆறு முத்திப் போச்சு. அத யாரும் கேக்கல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். வியாபாரி இப்போதெல்லாம் பெட்டிக்கடைக்காரர் நம்பருக்குத்தான் போன் செய்கிறார், வங்கி மேலாளர் இளையவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

முதல் குறைக்கு வழி இருந்தது. அறுப்புக்கு ஒரு நாள் குழுவினர் முறைவைத்துத் தலைவியின் மிதவைகளில் வேலை செய்வது என்று தீர்மானம் போட்டோம், அது இன்றும் நடக்கிறது. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. கையிலிருந்ததைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னோம், அவரும் கொடுத்தார், கொடுத்ததும் அவருடைய இடம் சுருங்கியது. வழிகாட்டும் தலைமையைப் பற்றி மேடையில் பேசும்போது இந்த இடத்தை எல்லாரும் புன்னகையோடு தாண்டிவிடுகிறார்கள். பக்கத்து ஊர்ப் புதுக் குழுவுக்குக் கூட நிற்கப் போகிறீர்களா என்று கேட்டேன். இரண்டு தடவை போனார். மூன்றாம் தடவை பஸ்ஸில் முழங்கால் வலிக்கிறது என்றார். அது முழங்கால்தானா என்று நான் கேட்கவில்லை.

குழுவில் ஒருவர் எந்தப் பொறுப்பும் வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார். “எனக்குக் கட்டுறது போதும், முடிவெல்லாம் வேணாம்.” அவரை நான் மூன்று மாதம் வற்புறுத்தினேன். விட்டிருக்கலாம். அவர் கட்டும் முடிச்சு இன்றுவரை ஒன்றுகூடக் கழன்றதில்லை.

கார்த்திகை

கார்த்திகையில் தலைவி கணவரின் மறு பரிசோதனைக்காக மதுரை போனார், இந்தத் தடவை 10 நாள். போன நாலாம் நாள் வங்கக் கடலில் காற்றழுத்தம், பாம்பனில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள். வாடை வடகடல் கரையில்தான் நேராக வந்து அடிக்கும்.

அன்று மதியமே ஆறு பேர் கூடி முடிவெடுத்தார்கள். 30 நாள் தாண்டிய 60 மிதவையை உடனே அறுப்பது. மற்றவற்றில் விதைக்கு ஆகும் நல்ல மிதவைகளாகப் பார்த்து உள்ளே இழுத்து, இரட்டை நங்கூரம் போடுவது. இருட்டிய பிறகு யாரும் தண்ணீரில் நிற்கக் கூடாது. தலைவிக்குப் போன் செய்தார்கள். நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: “முடிவு எடுத்தபின் அயித்தையிடம் சொன்னோம். நங்கூரக் கயிறு இன்னும் ரெண்டு பாகம் கூட விடச் சொன்னார். விட்டோம்.” பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்.

காற்று இரண்டு நாள் அடித்தது. 22 மிதவைகள் உடைந்தன. விதை தப்பியது, தவணை நாளும் தவறவில்லை. ஒரு தப்பும் நடந்தது: அறுத்த பாசியை மழைக்குப் பயந்து அரைகுறைக் காய்ச்சலில் சாக்கில் அடைத்துவிட்டார்கள், சூடேறிக் கறுத்துப்போனது. அந்தச் சாக்குகளுக்கு விலை பாதிகூடக் கிடைக்கவில்லை. கழிவு பற்றிச் சண்டைக்கு நிற்கவும் முகம் இல்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை. அடுத்த வாடைக்கு முன் ஓலைக் கொட்டகையில் பரண் கட்டிக் காயவைப்பது என்று எழுதினார்கள். பணம் எங்கிருந்து என்று மட்டும் இன்னும் எழுதவில்லை.

மறுபடி செய்தால் என்ன மாறும்

தொடக்கத்திலேயே படிப்பு மிதவைகளை ஒதுக்குவேன். இங்கே 840 கிலோ விதையைத் தோற்ற பிறகுதான் அது வந்தது. உயிர், விதை, கடன் என்ற பட்டியலை நான் எழுதாமல், முதல் நாளே தொழில் தெரிந்தவரிடம் ‘இந்தக் கடலில் பார் எங்கெங்கே இருக்கிறது?’ என்று கேட்டு எழுதிக்கொள்வேன். வேறு தொழிலில் அந்தப் பட்டியல் வேறாக இருக்கும்.

கூட நிற்பவருக்கு ஆகும் வேலை நாளை முதல் மாதத்திலிருந்தே கணக்கில் வைப்பேன். அவருக்கு அடுத்து என்ன இடம் என்பதையும், அவர் திண்ணையில் போய் உட்காருவதற்கு முன்பே, அவரிடமே கேட்பேன்.

தடைக்காலத்தில் எந்தப் புதுப் பொறுப்பையும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

நாலு கட்ட நோட்டை வைத்துக்கொள்வேன், ஆனால் ஒரு கட்டம் கூட்டுவேன்: ‘யார் சொன்னதைக் கேட்கவில்லை’. இதை இளையவர்தான் சொன்னார். அவர் இப்போது பக்கத்து ஊர்க் குழுவுக்கு வாரம் ஒருமுறை போகிறார். போன மாதம் அங்கே பார்த்தேன். புதிதாக வந்த ஒரு பெண் முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்க, இவர் மார்பளவுத் தண்ணீரில் இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.